கொலைகாரனின் தங்கை

திரையில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கூடாரத்துக்குள் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

அவள் தலையின் நிழல் என் முகத்தில் விழுந்தது. திரையில் பெரிதாய் வெளிறிக் கிடந்த என் முகத்தில். மூக்கும் வாயும் மறைந்து, கண்கள் மட்டும் அந்த நிழலுக்கு மேலே மிச்சம் இருந்தன.

“உக்காரு புள்ள, மறைக்குது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “மறைச்சா மறைச்சிட்டுப் போவுது, தொவைக்கிறதப் பாக்கவா வந்தோம்” என்றது இன்னொன்று. சிரிப்பு எழுந்து அடங்கியது. அவள் உட்காரவில்லை. நான் துவைத்துப் பிழிந்து உதறும் வரைக்கும் நின்றாள். பிறகு கால்களை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, கித்தானை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். அவள் விட்டுப்போன இடைவெளியில் மூடுபனி நுழைந்தது. படக்கருவியிலிருந்து வந்த ஒளி அந்தப் பனியில் பட்டுப் புகைந்தது.

சுருள் முடிந்ததும் பாட வேண்டியவளாகத் திரையின் ஓரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்தேன்.

அவள் பெயர் காத்தாயி. இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவள். அவள் வாயைத் திறந்தால் அவளுடைய அண்ணன் தூக்குக்குப் போவான். திறக்காவிட்டால் பக்கத்து வீட்டு வேலு போவான். இது எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரியவந்தது. வாசகர்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நேரில் வந்த நட்சத்திரம்

பேசும் படம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். அட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த காசிம் முதலாளி, கடல் தாண்டி ஒரு படப்பெட்டியும் ஒரு கூடாரமும் வரவழைத்திருந்தார். படத்தோடு நாயகியையும் கேட்டிருந்தார். நாயகிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று கம்பெனியார் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் கேட்கவில்லை.

ரயில் நிலையத்தில் முதலாளி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பெட்டியிலிருந்து இறங்கிய கடைசி ஆளும் போன பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க மட்டுந்தான் வந்தீங்களாம்மா?”

நல்ல மனிதர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மாட்டுவண்டியில் தம்பட்டம் அடித்துப் போனவன், ‘படத்தில் நடித்த நட்சத்திரம் நேரில்’ என்று கத்துவதையும் அவர் நிறுத்தவில்லை. முதல் நாள் கூட்டம் என் முகத்தைக் கண்டதும் விட்ட பெருமூச்சில் கூடாரமே ஒருதரம் உப்பி அமிழ்ந்தது. விளம்பரத் தாளில் என் முகம் கிடையாது.

ஒரே ஒரு கருவி. ஒரு சுருள் ஓடி முடிந்து அடுத்ததை மாட்டும் வரை விளக்கைப் போடுவார்கள். அந்த வெளிச்சத்தில் நான் பலகை மேல் ஏறிப் பாட வேண்டும். நாயகி படத்தில் பாடிய அதே பாட்டுகளை. “பாட்டு அந்தம்மாவோடது, நடுக்கம் மட்டும் இந்தம்மாவோடது” என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். உண்மை. குளிரில் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

ஜவுளிக்கடைக்கு மேலே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கஞ்சி போட்ட புதுத்துணி வாசனையும் அடுத்த கடைக் கருவாட்டு வாசனையும் பலகைத் தரையின் இடுக்குகள் வழியே ஏறி வரும். சன்னலைத் திறந்தால் ரயில் நிலையம். சில காலைகளில் அதுவும் இராது. வெள்ளைக்குள் எங்கோ ஓர் இயந்திரம் மூச்சு விடும் சத்தம் மட்டும் வரும்.

வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. முதலாளியின் மனைவி கதவைச் சற்றே திறந்து தட்டை உள்ளே நகர்த்துவார். கண்ணாடி வளையல் போட்ட கை. அந்த ஊரில் எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது அந்தக் கை ஒன்றுதான். ஒருநாள் ரசத்தில் உப்பு அதிகம் என்று அதனிடம் சொன்னேன். கை வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டது.

நீல ரத்தம்

படத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஓடாத படம்.

கதை இதுதான். பணக்கார வாலிபன் ஒருவன் தன் கூட்டாளியைக் கொன்றுவிடுகிறான். யாருக்கும் சந்தேகமில்லை. அவன் மனமே அவனைத் தின்னத் தொடங்குகிறது. கண்ணாடியில் செத்தவன் தெரிகிறான், சொட்டும் தண்ணீர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. அழகான மனைவி அழுதுகொண்டே பாடுகிறாள். கடைசியில் அவன் பைத்தியமாகிச் சாகிறான். அந்த வீட்டில் அவனுக்கு ஒரு தங்கை உண்டு. விதவை. விளக்கேற்றுவாள், தட்டு வைப்பாள், கதவுக்குப் பின்னால் நிற்பாள். அது நான்.

நாடகக் கம்பெனியிலும் எனக்கு அதுதான் உத்தியோகம். ராணிக்குத் தலைவாரும் தோழி. நளாயினி கூடையைச் சுமந்து போகும்போது வழியில் நிற்கும் ஊர்ப்பெண். எத்தனையோ ராஜ்யங்கள் என் கண்ணெதிரே கவிழ்ந்தன. ஒன்றிலும் என்னைச் சிறைபிடிக்கவில்லை.

ஆனால் இந்தப் படத்தில் எனக்கென்று ஒரு காட்சி இருந்தது. அண்ணனின் சால்வையில் ரத்தம். தங்கை அதைப் பார்க்கிறாள். ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்கு எடுத்துப்போய்த் துவைக்கிறாள்.

“வசனம் கிடையாது. துவைச்சாப் போதும்” என்றார் டைரக்டர்.

கறுப்பு வெள்ளைப் படமாதலால் ரத்தத்துக்குச் சிவப்பு தேவைப்படவில்லை. வேட்டிக்குப் போடும் நீலத்தைக் கெட்டியாய்க் கரைத்துச் சால்வையில் ஊற்றினார்கள். திரும்பத் திரும்பத் துவைத்தேன். வாய்க்காலில் நீலம் ஓடியது. விரல் நகங்கள் நாள்கணக்கில் நீலமாகவே இருந்தன.

அந்தக் காட்சி முடிந்ததும் கேட்டேன்: “அப்புறம் நான் என்ன ஆகுறேன் சார்?”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. “நீ என்ன ஆனா என்னம்மா? கதை அவனோடது.”

துவைத்த பிறகு தங்கை படத்தில் வரவில்லை. எனக்கும் அன்று சாயங்காலமே ரயிலுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என் விரல்களையே பார்த்தபடி வந்தார். சாயப்பட்டறையில் வேலையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வேலுவின் வழக்கு

அட்டனில் அந்த வாரம் ஒரே பேச்சு. முந்தின சம்பள நாளன்று டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தொழிலாளி பாலத்தருகே வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தான். பகலில் சாராயக்கடை வாசலில் அவனோடு கட்டிப்புரண்டு சண்டை போட்டவன் வேலு. அதை ஊரே பார்த்திருந்தது. வேலுவைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது.

காசிம் முதலாளி துணி கிழித்துக்கொண்டே சொன்னார். வேலுவின் பெண்சாதி கடைக்கு வருகிறவளாம். பிள்ளைத்தாய்ச்சி. “தூக்குத்தான்னு பேசிக்கிறாங்கம்மா. கேஸ் கண்டி கோர்ட்டுக்குப் போயிருச்சுன்னா அப்புறம் யாரு என்ன செய்ய முடியும்?” என்று சொல்லிவிட்டு, கிழித்த துணியின் ஓரத்தை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கதவு தட்டப்பட்டது. வளையல் கை என்று நினைத்துத் திறந்தேன். போன வாரம் கூடாரத்தில் எழுந்து நின்ற பெண். என்னைவிடச் சில வயது மூத்தவளாக இருக்கலாம். மலை ஏறி இறங்கி வந்த மூச்சு. புடவையில் கொழுந்தின் கறை.

உட்காரச் சொன்னேன். பாயை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். என் மணிக்கட்டைப் பார்த்தாள், பிறகு மறு கையைப் பார்த்தாள்.

“காப்பு எங்கங்க?”

காப்பு

எனக்குப் புரிய வெகுநேரமானது.

அவர்கள் தோட்டத்தில் மாசியில் காமன் கூத்து நடக்கும். மன்மதனாகவும் ரதியாகவும் வேஷம் கட்டுகிறவர்கள் கையில் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ரதி வேஷம் பூணுகிறவன் தேயிலை ஆலையில் வேலை செய்கிற ஆள், மீசைக்காரன், குடிகாரன். காப்புக் கட்டிவிட்டால் மட்டும் அவனைப் பேர் சொல்லி அழைக்க மாட்டார்கள். கிழவிகள் அவன் காலில் விழுந்து கேள்வி கேட்பார்கள். கூத்து முடிந்து காப்பைக் கழற்றும் வரை அவன் வாயில் பொய் வராது.

என் பங்குக்குப் பொறுமையாக விளக்கினேன். சினிமாவில் காப்பெல்லாம் கிடையாது. இது போன வருஷமே எடுத்து முடித்த படம். நான் இப்போது வெறும் ஆள்.

அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னாள்.

“எப்புடிங்க முடிஞ்சிருக்கும்? போன ஞாயித்துக்கெழம தொவைச்சீங்க. இன்னைக்குச் சாயங்காலமும் தொவைப்பீங்க. கூத்து தெனமும் நடக்குது, காப்பு மட்டும் கழண்டுருச்சுங்களா?”

வெறும் மணிக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

“அதனாலதான் ஒங்ககிட்டக் கேக்க வந்தேன். நீங்க பொய் சொல்லக் கூடாதுங்க. அந்தச் சால்வையத் தொவைச்சதுக்கப்புறம் அந்தப் பொம்பள என்ன ஆனா?”

கீழே கடையில் துணி கிழிபடும் சத்தம் கேட்டது. இந்தக் கேள்வியை நான் ஒருவரிடம் கேட்டு, சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்தவள். அதை இன்னொருத்தி, மலைப்பாதையில் நடந்து வந்து, என்னிடமே கேட்கிறாள்.

படத்தில் இல்லை என்றேன்.

“படத்துல இல்லதான். நானும் கடைசி வரைக்கும் வெளியில நின்னு கேட்டேன். ஒங்க சத்தமே வரல.”

அப்போது, படம் எடுக்கையில் நடந்ததைக் காத்தாயியிடம் சொன்னேன். நீலத்தைச் சொன்னேன். ‘அது ரத்தம் இல்லீங்களா’ என்று வியந்தாள். ‘எங்களுக்கு நீலமாத் தெரியலைங்களே’ என்றாள். டைரக்டர் சிரித்ததைச் சொன்னேன். ரயிலைச் சொன்னேன். அந்தத் தங்கையை அதற்கப்புறம் யாரும் தேடவில்லை, கதையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை என்றேன்.

“யாருமே கேக்கலையா?”

“கேக்கல.”

“அதனால சொல்லல.”

“அதனாலயும்தான்.”

காத்தாயி தன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பொலிஸ் லயத்துக்கு வந்ததாம். லயம் என்பது வரிசையாய் ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தூக்கம் கலையும். ஆண்களையெல்லாம் வெளியே நிறுத்தி விசாரித்தார்களாம். வாசலில் நின்ற பெண்களை உள்ளே போகச் சொன்னார்களாம்.

“நீங்க கேளுங்க” என்றாள்.

“என்ன கேக்க?”

“என்னக் கேளுங்க. கேட்டாத்தானே சொல்ல முடியும்.”

நான் நடிகை. வாங்கிய வசனத்தைத் திருப்பிச் சொல்லத் தெரியும். இப்படி ஒருத்தி முன்னால் உட்கார்ந்து, எழுதித் தராத ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழக்கமில்லை. கடைசியில், “அன்னிக்கு என்ன நடந்தது அக்கா?” என்றேன்.

பீலித் தண்ணீர்

அவள் சொன்னாள், என்னைப் பார்க்காமல், சன்னலுக்கு வெளியே இருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு.

புருஷன் விட்டுப்போன பிறகு அண்ணன்தான் அவளை வைத்துச் சோறு போட்டானாம். அன்றைக்குச் செத்தவன் குடித்துவிட்டுப் பாலத்தருகே அவளைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறான். அண்ணன் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது, தேயிலைச் செடியை வெட்டும் வளைந்த கத்தி. வீட்டுக்கு வந்தவன் ஒன்றும் பேசவில்லை. போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. விடியும் முன்னே பீலிக்கு, மலைத்தண்ணீர் குழாய் வழியே கொட்டும் இடத்துக்கு, எடுத்துப்போய்த் துவைத்தாள்.

“தொவைச்சுட்டேங்க. காயல. வெயிலே வரல. அடுப்புக்கு மேல கட்டிப் போட்டேன், அப்பவும் காயல. ஈரக் கம்பளி வாசம் வீடு பூரா. அண்ணன் செவத்தப் பாத்துப் படுத்துக்கிது. மழையில சாக்கப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போகுது. செவத்துக்கு அந்தப் பக்கம் வேலு பொண்டாட்டி அழுகுறது கேக்குது. அது அழுவுறப்ப அண்ணன் திங்கிறத நிறுத்திருது.”

இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு மண் சுவர். இந்தப் பக்கம் உண்மை தெரிந்தவர்கள், அந்தப் பக்கம் தெரியாதவள்.

பொலிஸுக்கு நான் கூட வருகிறேன் என்றேன். இப்போதே போகலாமா என்றேன். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

“அண்ணங்கிட்ட மொதல்ல சொல்லணுங்க. அதுக்குத் தெரியாம அதப் பத்திச் சொல்லக் கூடாது.”

எழுந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. கத்தி பிடித்த அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவே இன்று என்ன நடக்குமோ என்று. அதைச் சொன்னேன். அவள் முகத்தில் அப்போதுதான் ஒரு சிறு சிரிப்பு வந்தது.

“என்னைய அது ஒண்ணும் செய்யாதுங்க. செஞ்சிருந்தாத்தான் லேசா இருக்குமே.”

அன்று மாலைக் காட்சியில் நான் முதல்முறையாகப் பார்வையாளர்களோடு உட்கார்ந்தேன். திரையில் துவைக்கிறவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்திருந்தாள்.

இரண்டு பேர் முன்னும் பின்னுமாய்

செவ்வாயா புதனா நினைவில்லை. காலையில் சன்னலுக்குக் கீழே பார்த்தேன். கடைவீதியில் ஓர் ஆண் முன்னே நடந்துகொண்டிருந்தான். கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தான். பத்தடி தள்ளிக் காத்தாயி. பாதையின் நடுவே நடந்தார்கள், வண்டிகள் ஒதுங்கிப் போயின. இறங்கி ஓடினேன்.

பெரிய ஆள் இல்லை. மெலிந்து, கண் குழிந்து, கன்னத்தில் முள் தாடி. என்னைக் கண்டு நின்றான்.

“நீங்கதானா அந்த அம்மா?”

ஆமாம் என்றேன்.

“தங்கச்சி காலையில இருந்து ஒண்ணும் குடிக்கல. ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுங்க.”

பொலிஸ் வாசற்படியில் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. கம்பளியின் ஓரத்திலிருந்து இன்னும் ஈரவாசம் வந்துகொண்டிருந்தது.

தேத்தண்ணிக் கடைப் பலகையில் உட்கார்ந்து காத்தாயி சொன்னாள். முந்தின நாள் சோறு போடும்போது சொல்லிவிட்டாளாம்: நான் சொல்லப் போறேன். அவன் தட்டைப் பார்த்தபடி, ‘என்னைக்கு?’ என்று மட்டும் கேட்டானாம். அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாளாம். காலையில் எழுந்து பார்த்தால், அடுப்புக்கு மேல் தொங்கிய கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தானாம். ‘நீ சொல்ல வேண்டாம், நானே போறேன், நீ பின்னால வா’ என்றானாம்.

உள்ளே அவளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் சொன்னாள். வேலுவைப் பிறகு விட்டுவிட்டார்கள். அண்ணனுக்குத் தூக்கு இல்லை, நெடுஞ்சிறை என்று வெகுகாலம் கழித்துக் கேள்விப்பட்டேன்.

நிரை

வெளியே வந்ததும் வேலைக்குப் போக வேண்டும் என்றாள்.

இன்றைக்கா என்றேன்.

“இப்பப் போனா அரைப் பேராவது விழும். இனிமே என் சோத்துக்கு நாந்தானே.” அரை நாள் வேலைக்கு அங்கே அரைப் பேர் என்பார்கள்.

டிக்கோயாப் பாதையில் அவளோடு நடந்தேன். பனி சாலையின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. தோட்டத்து எல்லையில் காவல்காரர் என்னை மறித்தார். துரை உத்தரவு இல்லாமல் வெளியாள் உள்ளே வரக் கூடாது. காத்தாயி என் கையை ஒருமுறை தொட்டுவிட்டு மேட்டில் ஏறிப் போனாள்.

“நீங்க அந்தத் தொவைக்கிற அம்மாதானே?” என்றார் காவல்காரர். “நாலு தரம் பாத்துட்டேன். ஒங்க கட்டத்துலதான் வெளிய போயி பீடி குடிக்கிறது.”

நான் அங்கேயே சாலையில் நின்றேன். மேலே சரிவில் பெண்கள் வரிசை வரிசையாய்க் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை. செய்தி அவளுக்கு முன்பே மலை ஏறியிருந்தது. காத்தாயி கூடையை மாட்டிக்கொண்டு தன் நிரையில் இறங்கியதும் வலப்பக்கத்துப் பெண் மெல்ல அடுத்த நிரைக்கு மாறினாள். இடப்பக்கத்தவளும் மாறினாள். கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் பக்கத்தில் நிற்க யாருக்கும் மனமில்லை. கங்காணி அதட்டினார். யாரும் அசையவில்லை. பச்சைச் சரிவின் நடுவே அவளைச் சுற்றி ஒரு வெற்றிடம் விழுந்தது. அவள் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அந்த இடைவெளி தெரியும். நான் அதில்தான் குடியிருந்தேன். ஏறிப் போய் நிற்க வேண்டும் போலிருந்தது. காவல்காரரின் தடி குறுக்கே இருந்தது.

அப்போது மேல்கோடியிலிருந்து ஒருத்தி செடிகளுக்கு நடுவே இறங்கி வந்தாள். வயிறு முன்தள்ளியிருந்ததால் பக்கவாட்டில், ஒவ்வொரு கிளையாய் விலக்கிக்கொண்டு வந்தாள்.

“அது வேலு பொண்டாட்டி” என்றார் காவல்காரர், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல்.

அவள் காத்தாயிக்கு வலப்பக்கத்து நிரையில் வந்து நின்றாள். ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து கொழுந்தை எடுக்கத் தொடங்கினாள். காத்தாயியின் கைகள் மட்டும் நின்றுபோயின. கங்காணி மறுபடி அதட்டியதும் அவையும் அசையத் தொடங்கின.

கீழிருந்து பனி ஏறி வந்தது. முதலில் கூடைகள் மறைந்தன, பிறகு தலைகள். இலை முறியும் சத்தம் மட்டும், இரண்டு பேருடையது, கொஞ்ச நேரம் கேட்டது.

சாயங்காலக் காட்சிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அட்டன் பக்கம் திரும்பி, தனியாக நடந்தேன்.